வீட்டில் கட்டும் ஹாட் ராட் டிரக்குக்குக் குறைந்த செலவில் முன் சஸ்பென்ஷன்: தேர்வு முதல் அலைன்மென்ட் வரை

என்னுடைய 1951ஆம் ஆண்டு ஷெவர்லே 3100 டிரக்கின் சேசிஸை (அடிச்சட்டத்தை) நான் இரண்டு முறை அறுக்க நேர்ந்தது. 1970களின் கமாரோ கார் ஒன்றிலிருந்து வெட்டியெடுத்த முன்பகுதிச் சட்டம் காயலான் கடையில் 200 டாலருக்குக் கிடைத்தது. விலையை மட்டும் பார்த்து அதை வாங்கி வந்து, என் சேசிஸின் முன்பாகத்தை அறுத்து நீக்கி, பற்றவைத்து முடித்தேன். மட்கார்டுகளை மீண்டும் மாட்டிய அன்றுதான் இரண்டு டயர்களும் மட்கார்டின் உதட்டுக்கு வெளியே நிற்பதையும், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தகட்டில் உரசுவதையும் கண்டேன். நான்கு மாத உழைப்பு அங்கேயே நின்றுபோனது. அளவெடுக்காமல் வாங்கியதுதான் அதற்குக் காரணம். முதன்முறையாகப் பழைய டிரக் ஒன்றை ஹாட் ராட்டாக, அதாவது மாற்றியமைத்த வண்டியாகக் கட்டத் தொடங்கும் நீங்கள் அந்த நான்கு மாதங்களை இழக்க வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். அமெரிக்காவில் அதிகமாகக் கட்டப்படும் 1940கள், 50களின் ஷெவர்லே, ஃபோர்டு டிரக்குகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. கடைக்குப் போகும் முன் வண்டியின் பயன்பாட்டை எழுதி வையுங்கள்

எந்த எஞ்சின் வரப்போகிறது, வண்டி நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைலில் ஓட வேண்டுமா அல்லது ஊருக்குள் 50 மைலில் ஓடினால் போதுமா, முன்பக்கம் எத்தனை அங்குலம் தாழ வேண்டும், உங்களால் 3/16 அங்குலத் தகட்டில் நம்பகமாக வெல்டிங் செய்ய முடியுமா ஆகிய நான்குக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வது மிக முக்கியம். வீட்டு 120 வோல்ட் இணைப்பில் ஓடும் சிறிய மிக் வெல்டிங் இயந்திரம் கதவுத் தகட்டுக்குப் போதும்; முன்சக்கரங்களைத் தாங்கும் கிராஸ்மெம்பருக்கு (சேசிஸின் இரு பக்கங்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்துக்கு) அது போதாது. மேலே பளபளப்பாகத் தெரியும் வெல்ட், உள்ளே இரும்போடு சேராமல் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் பதில் "முடியாது" என்றால், போல்ட்டில் பொருந்தும் வழியைத் தேடுங்கள். இல்லையென்றால் வெல்டருக்குக் கொடுக்க வேண்டிய கூலியை இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

2. அறுப்பதற்கு முன் ஆவணங்களைச் சரிபாருங்கள்

1981ஆம் ஆண்டு மாடல்களிலிருந்துதான் 17 எழுத்துகள் கொண்ட ஒரே சீரான வின் எண் (வண்டியின் அடையாள எண்) நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் டைட்டிலில் (உரிமை ஆவணத்தில்) பதிவாகியிருக்கும் எண் கதவுத் தூணில் உள்ள தகட்டின் எண்ணாக இருக்கலாம், சேசிஸில் பொறித்த எண்ணாக இருக்கலாம், சில மாநிலங்களில் எஞ்சின் எண்ணாகவும் இருக்கலாம். அக்கால ஃபோர்டு வண்டிகளில் எண் சேசிஸிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். முன்பகுதியை அறுத்து வேறு சட்டத்தை வைப்பவர்கள் தெரியாமலேயே அந்த எண்ணுள்ள இரும்பைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அடையாள எண்ணை வேண்டுமென்றே அழிப்பதும் மாற்றுவதும் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். எனவே கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து எண்ணைக் கண்டுபிடித்து, டைட்டிலோடு ஒப்பிட்டு, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டைட்டிலில் இருப்பது எஞ்சின் எண் என்றால், எஞ்சினை மாற்றும் முன்பே உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

காயலான் கடையில் எதை வாங்கினாலும், எந்த வண்டியிலிருந்து எடுத்தது என்பதை அதன் வின் எண்ணோடு ரசீதில் எழுதச் சொல்லுங்கள். முழு சேசிஸ் வாங்கினால் அதன் டைட்டிலும் கையெழுத்திட்ட விற்பனைச் சீட்டும் கைக்கு வராமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பல மாநிலங்களில் இத்தகைய வண்டியைத் தனிக் கட்டுமான வாகனம் என்ற வகையில் பதிவுசெய்வார்கள். அப்போது முக்கியப் பாகங்களின் ரசீதுகளைக் கேட்பார்கள். ஓர் உறையை இதற்கென்றே கேரேஜில் தொங்கவிடுங்கள். காப்பீட்டு நிறுவனத்திடமும் வேலை தொடங்கும் முன்பே பேசி, சஸ்பென்ஷன் மாற்றிய வண்டியை ஒப்பந்த மதிப்பில் (முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகைக்கு) எடுத்துக்கொள்வார்களா என்பதை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

3. அளவெடுங்கள்: இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள்

மட்கார்டுகளைக் கழற்றாதீர்கள். வண்டி முடிந்த பிறகு எந்த உயரத்தில் நிற்க வேண்டுமோ அதே உயரத்தில், அதே சாய்வில், சேசிஸை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். தரை சமமில்லை என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் தகடு வைத்து, இடமும் வலமும் ரசமட்டத்தில் சரியாக வரும்வரை விடாதீர்கள். மட்கார்டு உதட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸால் புள்ளி வையுங்கள். இடப்புறப் புள்ளிக்கும் வலப்புறப் புள்ளிக்கும் இடையே உள்ள தூரம்தான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் இடம்.

அடுத்து, போடப்போகும் டயரின் மொத்த அகலமும் ரிம்மின் பேக்ஸ்பேசிங் அளவும் வேண்டும். பேக்ஸ்பேசிங் என்பது ரிம்மின் உள்விளிம்பிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் வரையுள்ள தூரம். ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். உதடுகளுக்கு இடையே 67 அங்குலம் இருக்கிறது. இருபுறமும் ஒன்றரை அங்குல இடைவெளி விட்டால் மீதி 64. டயர், ரிம் இரண்டின் மொத்த அகலமும் 8 அங்குலம், பேக்ஸ்பேசிங் 4 அங்குலம் என்றால், ஒவ்வொரு பக்கமும் ஹப் முகத்துக்கு வெளியே 4 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். 64இலிருந்து 8ஐக் கழித்தால் 56. ஹப் முகத்திலிருந்து ஹப் முகம் வரை 56 அங்குலத்துக்கு அதிகமான எந்த முன்பகுதியும் அந்த ரிம்மோடு உங்கள் வண்டிக்குள் அடங்காது. நான் இந்தக் கணக்கைப் போட்டிருந்தால் அந்தக் கமாரோ சட்டத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். டயரைத் திருப்பும்போது அதன் முன்மூலையும் பின்மூலையும் போகும் வழியையும் அட்டையில் வெட்டிப் பார்த்துவிடுங்கள்.

கடைசியாக, சக்கர மையத்திலிருந்து நேர் மேலே சேசிஸின் இருபுறமும் பஞ்ச் அடித்துக் குறி வையுங்கள். அந்தக் குறியிலிருந்து சேசிஸின் பின்பக்கத்தில் உள்ள ஒரு நிலையான துளைக்குக் குறுக்கு மூலை அளவுகளை எடுத்து, இரண்டையும் கேரேஜ் சுவரில் எழுதி வையுங்கள். தாளில் எழுதினால் அது கிரீஸில் ஊறிக் காணாமல் போய்விடும்.

4. வழிகளை ஒப்பிடுங்கள்

முதலில் பார்க்க வேண்டியது வண்டியோடு வந்த ஐ-பீம் ஆக்சில்தான் (இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றை இரும்பு ஆக்சில்). 1947 முதல் 1955 தொடக்கம் வரை வந்த ஷெவர்லே டிரக்குகளிலும், 1948-56 ஃபோர்டு எஃப்-1, எஃப்-100 வண்டிகளிலும் இரண்டு நீளவாட்டுப் பட்டை ஸ்பிரிங்குகளின் மேல் இந்த ஆக்சில் உட்கார்ந்திருக்கும். கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சாணி), புஷ், பேரிங், ஷாக்கிள் (ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைப்பது) ஆகியவற்றைப் புதிதாக்கி, இடையிடையே சில பட்டைகளை எடுத்து, டிஸ்க் பிரேக் மாற்றினால், நான் விசாரித்தபோது 600 முதல் 1,100 டாலருக்குள் வேலை முடிந்தது. நன்கு தாழ வேண்டுமானால், 3 அல்லது 4 அங்குலம் இறக்கிச் செய்த டிராப் ஆக்சிலை வாங்கலாம். சேசிஸை அறுக்க வேண்டியதில்லை, பதிவில் சிக்கல் இல்லை. பழைய ஆறு சிலிண்டர் எஞ்சினோடு 55 மைலில் ஓட்டப்போகிறவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான கருத்து. "பழைய ஆக்சில் என்றால் வண்டி அலையும்" என்று பலர் பயமுறுத்துவார்கள். அலைவதற்குக் காரணம் பெரும்பாலும் தேய்ந்த கிங்பின்னும், தளர்ந்த ஸ்டீயரிங் பாக்ஸும், குறைந்துபோன காஸ்டர் கோணமும்தான் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்). காஸ்டரைச் சரிசெய்ய ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே வைக்கும் ஆப்புத் தகடு இரும்பால் ஆனதாக இருக்கட்டும்; அலுமினிய ஆப்பு நாளடைவில் நசுங்கி உடைந்து, யு-போல்ட் தளர்ந்துவிடும்.

மட்கார்டே இல்லாத, தரையோடு ஒட்டிய வண்டியைக் கட்டுகிறவர்கள் குறுக்கே ஒரே ஸ்பிரிங் வைத்த ஆக்சிலை விரும்புவார்கள். அதில் உள்ள ஒரு சிக்கலை அறிந்துகொள்ளுங்கள். ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஐ-பீம் ஆக்சில் சற்று முறுக்கிக்கொடுக்கும். குழாய் ஆக்சில் முறுக்காது. எனவே குழாய் ஆக்சிலோடு, அதைச் சேசிஸோடு இணைக்கும் ஹேர்பின் அல்லது பிளந்த விஷ்போன் கம்பிகளைப் பொருத்தினால், அந்த முறுக்கு விசை முழுவதும் மவுண்ட்டுகளில் இறங்கி நாளடைவில் அவை விரிசல் விடும். குழாய் ஆக்சிலுக்கு நான்கு-கம்பி (பக்கத்துக்கு இரண்டு கம்பி) அமைப்புதான் பொருந்தும். ஷெவர்லே வேகா காரின் வகை ஸ்டீயரிங் பாக்ஸை வைத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளும் முறையில் திருப்பினால் ஆக்சிலைக் குறுக்கே பிடித்துக்கொள்ளும் பான்ஹார்ட் கம்பியும் தேவைப்படும். அது இல்லையென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முதலில் ஆக்சிலே பக்கவாட்டில் நகரும்.

மஸ்டாங் 2 வகைதான் இன்று அதிகம் விற்பனையாவது. 1974-78 ஃபோர்டு மஸ்டாங் 2இன் வடிவத்தைப் பின்பற்றி, புதிய கிராஸ்மெம்பர், மேல் கோபுரங்கள், குழாய் ஆர்ம்கள் (சக்கரத்தைப் பிடிக்கும் கைகள்), ரேக் ஸ்டீயரிங் (பக்கவாட்டில் நகரும் பல்சட்டத்தால் சக்கரங்களைத் திருப்புவது), டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கிடைக்கின்றன. ஹப்பிலிருந்து ஹப் வரை பெரும்பாலும் சுமார் 56½ அங்குலம் என்பதால் பழைய டிரக்குகளின் மட்கார்டுக்குள் நன்றாக அடங்கும். எஞ்சினுக்கு இடம் கிடைக்கும். பாகங்கள் எந்த ஊரிலும் கிடைக்கும். நான் பார்த்த முழுத் தொகுப்புகளின் விலை 1,800 டாலரிலிருந்து 3,000 டாலர் வரை இருந்தது. மலிவாக முடிக்க நினைத்து, பழைய மஸ்டாங் 2 காரின் அசல் பாகங்களைத் தேடாதீர்கள். அது சிறிய காருக்குச் செய்தது. அதன் 9 அங்குலச் சொச்சம் டிஸ்க் 3,500 பவுண்டு டிரக்கை நிறுத்தப் போதாது. சக்கரத்தில் 4 போல்ட்தான் இருக்கும். 11 அங்குல டிஸ்க், 5 போல்ட் வகையையே வாங்குங்கள்.

காயலான் கடையிலிருந்து முழு முன்பகுதி எடுக்க விரும்பினால், 2003-11 ஃபோர்டு கிரவுன் விக்டோரியா நல்ல தேர்வு. அலுமினியக் கிராஸ்மெம்பர், ரேக் ஸ்டீயரிங், பெரிய டிஸ்க் எல்லாம் ஒரே தொட்டிலாகப் போல்ட்டைக் கழற்றியதும் இறங்கிவிடும். எனக்கு 250 முதல் 600 டாலர் வரை விலை சொன்னார்கள். ஆனால் அது அகலமானது. 1960கள், 70களின் அகலமான எஃப்-100 வண்டிக்குப் பொருந்துவது, குறுகிய 1951 ஷெவர்லேக்குப் பொருந்தாது. 2003க்கு முந்தைய கிரவுன் விக்டோரியாவின் அமைப்பு வேறு. ஆண்டைக் கேட்காமல் வாங்கிவிடாதீர்கள்.

ஷெவர்லே எஸ்-10 சேசிஸின் மேல் பழைய கேபினை ஏற்றுவது இன்னொரு வழி. முன்பகுதி, பின் ஆக்சில், பிரேக், ஸ்டீயரிங் எல்லாம் ஒரே விலையில் வந்துவிடும். நீளமான சரக்குப் பெட்டி கொண்ட எஸ்-10இன் முன், பின் சக்கர இடைவெளி 117.9 அங்குலம், 3100 டிரக்கின் இடைவெளி 116 அங்குலம். வித்தியாசம் சிறியதுதான். ஆனால் கேபின் மவுண்ட், பெட்டி மவுண்ட், ரேடியேட்டர் தாங்கி, ஸ்டீயரிங் தண்டு என எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டும். பதிவின்போது எந்த எண்ணில் பதிவது என்ற கேள்வியும் எழும். வார இறுதியில் மட்டும் வேலை செய்கிறவருக்கு இது ஓர் ஆண்டு வேலை.

5. சாலையில் இறங்கும் வரை ஆகும் செலவைக் கணக்கிடுங்கள்

கமாரோ சட்டத்தை அறுத்தெறிந்த பிறகு நான் மஸ்டாங் 2 வகைக்கு மாறினேன். தொகுப்பு 1,900 டாலர். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். சேசிஸின் திறந்த பக்கத்தை மூடிப் பெட்டியாக்கும் இரும்புத் தகடு 120, ஸ்டீயரிங் தண்டும் மூட்டுகளும் 310, பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் வால்வுகளும் பிரேக் குழாயும் 280, புதிய எஞ்சின் மவுண்ட் 140, பேக்ஸ்பேசிங் பொருந்தும் இரண்டு ரிம்களும் டயர்களும் 520, இறுதி வெல்டிங்குக்குக் கூலி 400, அலைன்மென்ட் 150. மொத்தம் 3,820 டாலர், அதாவது தொகுப்பின் விலையைப் போல் இரண்டு மடங்கு. நீங்கள் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த எட்டு வரிகளையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகையைப் போட்ட பிறகு ஒப்பிடுங்கள். அப்படி ஒப்பிட்டால் பழைய ஆக்சிலைப் புதுப்பிப்பதற்கும் மற்றவற்றுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு பெரியது என்பது தெரியும்.

6. ஆர்டர் கொடுக்கும்போது

எஞ்சின் வகை, ஏசி உண்டா இல்லையா என்பதைச் சொல்லி அதற்கேற்ற ஸ்பிரிங்கைக் கேளுங்கள். முடிந்தால் வண்டியை நெடுஞ்சாலை லாரி எடைமேடையில் ஏற்றி முன் ஆக்சிலின் எடையைத் தனியாக வாங்கிவிடுங்கள். ஸ்பிரிங் விற்பவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். முன்சக்கர போல்ட் வட்டம் (போல்ட்டுகள் அமையும் வட்டத்தின் விட்டம்) பின் ஆக்சிலோடு ஒத்திருக்க வேண்டும்: ஷெவர்லே காரின் பின் ஆக்சில் என்றால் பொதுவாக 4¾ அங்குலம், ஃபோர்டு காரின் பின் ஆக்சில் என்றால் 4½ அங்குலம். இரண்டும் வேறாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டு பக்கத்துக்கும் உதவாது.

பெட்டி வந்தவுடன் பிரித்துப் பாருங்கள். எனக்கு வந்த பெட்டியில் லோயர் ஆர்ம் போல்ட்டுகளின் தலையில் எந்தக் கோடும் இல்லை. தரம் 8 போல்ட்டின் தலையில் ஆறு கோடுகள் இருக்கும். தரம் 5இல் மூன்று. கோடே இல்லாத போல்ட்டை முன்சக்கரத்தில் மாட்டக் கூடாது. கேட்டவுடன் மாற்றி அனுப்பினார்கள், ஆனால் இரண்டு வாரம் போய்விட்டது. தொகுப்பு வந்து சேரவே சில வாரங்கள் ஆகும் என்பதால், அது கைக்கு வரும் வரை வண்டியைப் பிரிக்காதீர்கள்.

7. பொருத்துதல்

அக்கால டிரக் சேசிஸ் ஒரு பக்கம் திறந்த சி வடிவச் சட்டம். கிராஸ்மெம்பர் வரும் இடத்தில் உட்புறம் தகடு வைத்துப் பெட்டியாக்காமல் எதையும் பற்றவைக்காதீர்கள். ஒரே மூச்சில் நீளமாகப் பற்றவைத்தால் சட்டம் வளையும். ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் எதிர்முனையில் என்று மாற்றி மாற்றிப் பற்றவைத்து, நடுவே ஆறவிட்டு, சுவரில் எழுதிய குறுக்கு மூலை அளவுகளோடு ஒப்பிடுங்கள். எனக்கு இந்த வேலை ஆறு வார இறுதிகள் பிடித்தது.

கிராஸ்மெம்பரைப் புள்ளி வெல்டில் மட்டும் நிறுத்திவிட்டு, எல்லாப் பாகங்களையும் மாட்டிப் பாருங்கள். வண்டி தன் உயரத்தில் நிற்கும்போது லோயர் ஆர்ம் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஜாக்கால் சக்கரத்தை இரண்டு அங்குலம் ஏற்றியும் இறக்கியும் பாருங்கள். அப்போது சக்கரம் தானாகத் திரும்பினால் ரேக்கின் உயரமோ நீளமோ தவறு. மேட்டில் ஏறும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக இழுக்கும் குறை இதனால்தான் வருகிறது. தொகுப்பில் வந்த ரேக்குக்குப் பதிலாக வேறு காரின் ரேக்கை மாட்டுகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சேசிஸின் முன்பக்கம் தாழ்ந்த சாய்வில் நின்றால் அந்தச் சாய்வு அளவுக்குக் காஸ்டர் குறையும்; கிராஸ்மெம்பரின் கோணத்தை முழு வெல்டுக்கு முன் இப்போதே திருத்திவிடுங்கள்.

8. பிரேக்கும் ஸ்டீயரிங் தண்டும்

பழைய டிரக்கின் மாஸ்டர் சிலிண்டர் கால்வைக்கும் தரைக்கு அடியில் இருக்கும். அதை அங்கேயே விட்டு முன்பக்கம் டிஸ்க் மாட்டினால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பர் அதைவிட உயரத்தில் இருப்பதால் ஆயில் திரும்பி வடிந்து, பெடலை முதல்முறை மிதிக்கும்போது கால் ஆழமாக இறங்கும். டிஸ்க் குழாயில் 2 பிஎஸ்ஐ, டிரம் குழாயில் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வுகளைப் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் இரட்டை அறை வகையாக இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஸ்டீயரிங் தண்டில் மூன்று மூட்டுகள் வந்தால் நடுவே ஒரு தாங்கு பேரிங் கட்டாயம். எக்ஸாஸ்ட் குழாய் போகும் வழியைத் தீர்மானித்த பிறகே தண்டை வெட்டுங்கள்.

9. அலைன்மென்ட்டும் முதல் 100 மைலும்

மாற்றியமைத்த வண்டியைச் சில கடைகள் ஏற்பதில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு, வேண்டிய அளவுகளை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள், ஏனெனில் அவர்களுடைய கணினியில் உங்கள் வண்டி இருக்காது. ஐ-பீம் ஆக்சிலுக்குக் காஸ்டர் 5 முதல் 7 டிகிரி. மஸ்டாங் 2 வகைக்கு, பவர் ரேக் என்றால் 3 முதல் 5, சாதா ரேக் என்றால் 1 முதல் 3. டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) இரண்டுக்கும் 1/16 முதல் 1/8 அங்குலம். தொகுப்போடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மஸ்டாங் 2 வகையில் அலைன்மென்ட்டுக்குப் போகும் முன் 20, 30 மைல் மெதுவாக ஓட்டி ஸ்பிரிங்கை உட்காரவிடுங்கள். புது ஸ்பிரிங் தாழ்ந்த பிறகு அளவுகள் மாறிவிடும். அச்சிட்ட அலைன்மென்ட் தாளை ரசீது உறையில் போடுங்கள்.

100 மைல் முடிந்ததும் வண்டியை மீண்டும் ஸ்டாண்டில் ஏற்றுங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, சரிபார்த்த போல்ட்டின் மீது மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுங்கள். பிறகு கிராஸ்மெம்பரின் வெல்ட் ஓரங்களை விளக்கு வெளிச்சத்தில் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்டில் முடி இழை போல ஒரு கோடு தெரிந்தாலும், அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்கும் வரை வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.